செலஸ்தீன் டீச்சரின் தேயிலை டப்பா

அன்பு மகள் வடிவுக்கு, சித்தப்பா எழுதுவது.

நீ நாகர்கோவில் போய்ச் சேர்ந்த விவரமும், மாப்பிள்ளை உன்னைத் தினமும் பள்ளிக்கூடம் வரை சைக்கிளில் கொண்டுவிடுகிற விவரமும் அறிந்து உன் சித்திக்கும் எனக்கும் வயிறு குளிர்ந்தது. சீர் சாமான்களோடு வந்த தேயிலை டப்பாவை உன் மாமியார் பலகாரம் என்று நினைத்துத் திறந்ததாகவும், உள்ளே துண்டுத் தாள்களாக இருந்ததைப் பார்த்து ‘இது என்னம்மா சீர்’ என்று கேட்டதாகவும் எழுதியிருந்தாய். ‘செலஸ்தீன் டீச்சர் கையெழுத்து மாதிரி இருக்கிறதே சித்தப்பா, டீச்சர் எழுதினது எல்லாம் மதராஸுக்குப் போய்விட்டது என்றுதானே சொன்னீர்கள், இது எப்படி நம் வீட்டில் இருந்தது’ என்று நீயும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு இன்லண்டு லெட்டர் பத்தாது. கடைக்குப் போய் முழு வெள்ளைத்தாள் வாங்கிவந்து, விசிறிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமியாருக்கும் வாசித்துக் காட்டு. சம்பந்தி வீட்டாருக்கு நம் குடும்பத்தின் பெருமை தெரிய வேண்டாமா?

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆனால் அந்தப் பாதியை மற்றவர்கள் முழுசாகப் படித்ததைவிட நன்றாகப் படித்தேன். நான் நின்ற அன்றைக்கு வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதார். இதை எழுதும்போதே உன் சித்தி தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அவரு அழுதது நீங்க போறியளேன்னு இல்ல, இத்தனை வருஷம் கழிச்சுப் போறியளேன்னு” என்கிறாள். அவள் பேச்சை நீ கணக்கில் எடுக்காதே. உன்னைப் பெற்றவர் என் அண்ணன். நீ நடை பழகுவதற்குள் அவரும் மதினியும் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றங்கரை ஊரிலிருந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினவன் நான். நீ சித்தப்பா என்று கூப்பிட்டாலும் நான் மகள் என்று எழுதுவதில் கூட்டல் எதுவும் கிடையாது. என் ஆயுசில் கூட்டிச் சொல்லாத விஷயங்கள் இரண்டு. ஒன்று இது. மற்றது அந்த டப்பாவில் இருக்கிறது. அங்கே வருவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், நீ அவசரப்படாதே.

உன் மாமியாருக்குத் தெரியாதே என்பதற்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த சங்குக் குடோனுக்கு நேர் எதிர் வீடு டீச்சர் வீடு. நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்குத்தான் தெரு. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அப்பா கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினவர். அவர் மகளுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு பியானோவைத் தோணியில் வரவழைத்தார். அது பழைய துறைமுகத்தில் வந்து இறங்கினபோது எனக்கு மீசை அரும்புகிற வயது. அந்தப் பியானோவை நானும் இன்னும் இரண்டு பேரும்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். உன் சித்தியைக் கேட்டால் பன்னிரண்டு பேர் என்பாள். நான் குடைதான் பிடித்தேன் என்பாள். அன்றைக்கு அவள் அங்கே இல்லை, கல்யாணமே ஆகவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? குடையும் பிடித்தேன் என்பது வேறு விஷயம்.

டீச்சர் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தார், வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். மீதி நேரமெல்லாம் எழுதினார். நம்மைப் போலக் கடுதாசி எழுத்து இல்லை, பாட்டெழுத்து. ஐந்து கோடு போட்டு, அதன்மேல் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி புள்ளியாக வைப்பாரே, அது. நல்ல தாளுக்கு எங்கே போவார்? அப்பா விட்டுப்போன கப்பல் ரசீதுகளின் பின்பக்கம், காலண்டர் தாள், கவரின் உள்பக்கம் என்று கையில் அகப்பட்டதிலெல்லாம் கோடு இழுத்துவைத்து எழுதினார். தோணி வருகை, உப்பளத்து வெயில், மழைக்கு முந்தின நாள் கடல் என்று அவர் எழுதினதற்கெல்லாம் பேர் உண்டு. எழுதினவருக்குத்தான் பேர் இல்லை. அவர் மெட்டுப் போட்ட பாட்டு கோயில் கோயிலாகப் போயிற்று. ஆலந்தலையிலும் பாடினார்கள், அதற்கு அப்பாலும் பாடினார்கள். யார் போட்ட மெட்டு என்று கேட்டால் ‘பழைய பாட்டு’ என்றார்கள். டீச்சர் அங்கேயே ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில் தொடங்கியது. சங்கு எண்ணுகிறவன் ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டான், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவான். இது உனக்குத் தெரியும். என் ‘லாபம்’ சாதாரண லாபமா? நான் ஒரு இழுப்பு இழுத்தால் முயல் தீவில் கொக்கு பறக்கும். ஒருநாள் டீச்சர் தெருவைக் கடந்து குடோன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா எண்ணக் கூடாதா? நான் வாசிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்கு.”

“டீச்சர், மெதுவா எண்ணினா சங்கு குறைஞ்சிரும்” என்றேன்.

“அப்ப நான் ஜன்னலைச் சாத்திக்கிடுதேன்.”

சாத்தினார். கொஞ்ச நாள் கழித்துத் திறந்துவிட்டார். வெக்கை தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சத்தம் போட வரவே இல்லை. நீ ஏழு வயதில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, எதிர்வீட்டில் கேட்டதைத் தகர டப்பாவில் தட்டிக்கொண்டிருந்தபோது, அதே ஜன்னலிலிருந்துதான் “ஏளா, இங்கன வா” என்று உன்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு உன் சாயங்காலம் எல்லாம் அவர் வீட்டில்தான். உன் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கத் தெருவே நின்றது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். தெரு நின்றதோ இல்லையோ, நான் நின்றேன்.

பிறகு நீ பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் டீச்சர் முன்னால் நின்று, “எனக்குக் கணக்குதான் வருது டீச்சர், இது வேண்டாம்” என்றாய். அவர் “பியானோ மூடிய மூடிட்டுப் போ” என்றார், அவ்வளவுதான். நீ பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனாய். டீச்சர் உன் பேரைச் சொல்வதையே விட்டார். நான் வேண்டுமென்றே உன் பேச்சை எடுப்பேன். வகுப்பில் நீதான் முதல், கல்லூரி முதல்வரே உன்னிடம் சந்தேகம் கேட்கிறார் என்பேன். அவர் “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றின லாரிகள் ஊரைப் புழுதியாக்கிக்கொண்டிருந்த சமயம். பம்பாயிலிருந்த டீச்சரின் தம்பி வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டான். டீச்சர் ஆலந்தலைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே ஒரு கட்டில், ஒரு பெட்டி. அதற்குமேல் இடம் கிடையாது. அலமாரி நிறைய இருக்கிற தாளெல்லாம் என்ன ஆவது? பொரிகடலைக் கடைக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான், முன்பு டீச்சரிடம் படித்த பெண் ஒருத்தி சொல்லி, மதராஸில் ஒரு சங்கீதக் கல்லூரி நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் அனுப்புகிறோம், எழுதினதையெல்லாம் பாட்டு பாட்டாக ஒழுங்குபடுத்தி வையுங்கள், ஒழுங்காக இருப்பதை வாங்கிப் பாதுகாப்போம் என்று. டீச்சர் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “அண்ணாச்சி, இது போயிட்டா என் பேரு இருக்கும். போகலன்னா கடலை மடிக்கத்தான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கடிதத்தை என் கையில் விடவில்லை.

அவருக்கு அப்போது கண்ணில் பூ விழுந்திருந்தது. திருநெல்வேலியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். போகும்போது சாவியை உன் சித்தியிடம் கொடுத்து, பல்லி பூச்சி வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ‘ஒழுங்குபடுத்தி’ என்ற வார்த்தை என் காதிலேயே நின்றது. நீயே சொல், இந்தக் கடற்கரையில் ஒரு சரக்கை ஒழுங்குபடுத்த என்னைவிட்டால் ஆள் உண்டா? மலை மாதிரி குவிந்த சங்கை ஒரு பொழுதில் தரம் பிரித்துக் கல்கத்தாவுக்கு ஏற்றினவன் நான். வலம்புரியைக் கண்ணை மூடிக்கொண்டு கை தடவி எடுத்தவன். எத்தனை என்று கேட்காதே, உன் சித்தி பக்கத்தில் இருக்கிறாள். டீச்சர் திரும்பி வரும்போது அசந்து போகட்டும் என்று, அலமாரியைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.

முறைப்படி செய்தேன். முதலில் அளவு: பெரிய தாள், நடுத்தரம், சிறியது. பிறகு தரம்: வெள்ளையாக இருப்பது முதல் தரம், பழுப்பு இரண்டாம் தரம், பூச்சி அரித்தது தனி, நிறைய அடித்தல் திருத்தல் இருப்பது கழிவு. ஒவ்வொன்றையும் துவைத்த சாக்கில் வேப்பிலை போட்டுக் கட்டி, மேலே கறுப்பு மையில் குறி போட்டேன். சங்கில் ஒரு சட்டம் உண்டே, அளவுப் பலகையில் ஓட்டை வழியாக விழுகிற குஞ்சுச் சங்கை விற்கக் கூடாது, உயிரோடு கடலில் திருப்பிப் போட வேண்டும், வளரட்டும் என்று? அதன்படி உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டுகளைத் தனியே எடுத்தேன். கடலில் போடவில்லை, அந்த அளவுக்கு விவரம் எனக்கு உண்டு. டீச்சர் வீட்டுச் சமையலறையில் கிடந்த சிலோன் தேயிலை டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். எல்லாம் முடிந்து சாக்குகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன் வடிவு, சர்க்கார் அலுவலகம்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

டீச்சர் ஒரு கண்ணில் கட்டும், மறு கண்ணுக்குப் பச்சை மறைப்புமாக வந்து இறங்கினார். குனியக் கூடாது, படிக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நாற்காலியில் உட்காரவைத்து, “எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு டீச்சர்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “நிசமாவா அண்ணாச்சி? அப்ப ‘தோணி வருகை’ முதல் பக்கத்தை எடுத்துக் கையில குடுங்க.”

“எந்தத் தரம் டீச்சர்?”

“தரமா?”

“பெருசா, நடுத்தரமா? வெள்ளையா, பழுப்பா?”

டீச்சர் எழுந்து, கையை நீட்டித் தடவி, முதல் சாக்கைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். வேப்பிலையை முகர்ந்து பார்த்தார். “என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கிய?” என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சத்தமே போடவில்லை. ஒரு பாட்டின் முதல் பக்கம் பெரிய தாளில், அடுத்த பக்கம் காலண்டரில், அடுத்தது ரசீதில். எதிலும் பக்க எண் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, அலமாரியில் இருந்த அடுக்கில் இருந்தது. அடுக்கை நான் கலைத்தாயிற்று. அவருக்கோ கண் இல்லை. மதராஸ் ஆள் அடுத்த வாரம் வருகிறார்.

என் முறை தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். முறை சரி, சரக்குதான் வேறு. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நின்ற எனக்கு இந்தச் சமாதானம் தோன்றவில்லை.

“யாரு இதைக் கோக்கிறது?” என்றார் டீச்சர். “இந்த ஊர்ல என் எழுத்தை வாசிக்க யாரு இருக்கா?”

“வடிவு இருக்கா” என்றேன்.

“அவ மூடிய மூடிட்டுப் போனவ.”

“மூடிதான டீச்சர்? பூட்டலையே.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் நேரே தபாலாபீசுக்கு ஓடினேன். ‘சித்தப்பா சீரியஸ் உடனே புறப்படு’ என்று தந்தி கொடுத்தேன். டீச்சர் வீட்டில் தாள் கலைந்துவிட்டது என்று தந்தி கொடுத்தால் எந்த ஹாஸ்டல் வார்டன் உன்னை வெளியே விடுவாள்? நம் ஊருக்கு முந்தின புதுக்கோட்டை தாண்டும் வரை நீ அழுதுகொண்டே வந்ததாகப் பிறகு சொன்னாய். பஸ்ஸிலிருந்து இறங்கின நீ, டீக்கடை பெஞ்சில் ஆமைவடை தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து நின்ற நிலை இருக்கிறதே! கையிலிருந்த பையால் என்னை அடித்தாய். மாமியாருக்கு வாசிக்கும்போது இதை விட்டுவிட வேண்டாம். எவ்வளவு பாசமான பெண் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

டீச்சர் வீட்டு நடையில் நீ செருப்பைக் கழற்றின சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. “வந்துட்டியா? கை கழுவிட்டு வா” என்றார், நேற்றுத்தான் பாடம் முடித்துப் போனவளிடம் பேசுகிற மாதிரி. நீயும் மறுபேச்சு இல்லாமல் கழுவிவிட்டு வந்து பியானோ முன்னால் உட்கார்ந்தாய். நான் சாக்கிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டுவது, நீ முதல் வரியை மட்டும் வாசிப்பது, டீச்சர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, “இது உப்பளம், ரெண்டாவது தாள்”, “இது தோணி, பாய் இறக்குற இடம்” என்று சொல்வது. நான் அதைக் கொண்டுபோய்த் தரையில் அந்தந்த வரிசையில் வைத்து, கடல் காற்றில் பறக்காமல் மேலே ஒரு சங்கை வைப்பேன். கூடம் முழுக்கச் சங்கு. குடோன் ஆட்கள் ஜன்னலில் மொய்த்துவிட்டார்கள். “ஏ அண்ணாச்சி, சங்குக்குக் கீழ பேப்பரா, பேப்பருக்கு மேல சங்கா? எதைக் கல்கத்தாவுக்கு அனுப்புதிய?” என்று ஒருவன் கேட்டான். “உன்னைத்தாம்லே அனுப்பப் போறேன், போய் வேலையைப் பாரு” என்றேன்.

முதலில் உன் விரல் தடுமாறியது. டீச்சர், “கணக்குப் படிச்ச கை, ஒவ்வொண்ணையும் சரிபார்த்துச் சரிபார்த்து இறங்குது” என்றார். உனக்கு மூக்கு சிவந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் சில தாள்கள் அவருக்கே பிடிபடவில்லை. எழுதி எத்தனையோ வருஷம் ஆயிற்று. வாசித்தாய், அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு தாளைத் ‘தோணி’யில் சேர் என்றார். நீ, “இல்ல டீச்சர், அது உப்பளம்” என்றாய். பேச்சை மாற்ற நான் அடுத்த தாளை நீட்டினேன். நீ விடவில்லை. “நீங்க தாளோட ஓரம் வரைக்கும் எழுதுவிய. இடம் முடிஞ்சா பாதித் தாளத்துலயே அடுத்த தாளுக்குப் போயிருவிய. இது ஒரு தட்டோட தொடங்குது. தாளம் நாலு தட்டு, அப்ப இதுக்கு முந்தின தாள் மூணு தட்டோட முடிஞ்சிருக்கணும். தோணியில அப்படி முடியிற தாளே இல்ல, உப்பளத்துலதான் இருக்கு” என்றாய். டீச்சர், “ரெண்டையும் சேர்த்து வாசி” என்றார். வாசித்தாய். அந்த வெயில் பாட்டு ஒரு இடத்தில் அப்படியே நீர் மாதிரி இறங்குமே, அந்த இடம். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமா” என்றார். பிறகு, “கணக்கும் நல்லதுதான்” என்றார். அழக் கூடாது என்று டாக்டர் சொன்னதை உன் சித்தி ஞாபகப்படுத்த வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். புதுக் குடித்தனத்தில் மாப்பிள்ளை சொல்வதிலும் மாமியார் சொல்வதிலும் சிலது சுருக்கென்று தைக்கும். எல்லாவற்றையும் மனதில் சாக்குக் கட்டி வைக்காதே. அளவுப் பலகையில் போட்டுப் பார். ஓட்டையில் விழுகிறதா, கடலுக்கு. விழாமல் நிற்கிறதா, அன்றைக்கு டீச்சரிடம் நின்ற மாதிரி நின்று நியாயத்தைச் சொல், காரணத்தோடு சொல். இதை மாமியார் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சம்பந்தி.

எல்லாம் சேர்ந்த பிறகு கட்டுகளின் மேல் என்ன எழுதுவது என்று நீ கேட்டாய். டீச்சர் பாட்டின் பேரைச் சொன்னார். நீ, “அது சரி, உங்க பேரு?” என்றாய். அவர் யோசித்தார். ஐம்பது வயது தாண்டினவர், தன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் குடோனுக்குப் போய்ச் சாக்குக் குறி போடுகிற கறுப்பு மையையும் தூரிகையையும் எடுத்துவந்தேன். நீ ஒவ்வொரு கட்டின் மேலும் ‘செலஸ்தீன் அம்மாள், தூத்துக்குடி’ என்று எழுதினாய். மை காய்வதற்குள் அவர் விரலால் தடவிப் பார்த்து, விரல் நுனி கறுத்துப்போயிற்று. அதை அவர் கழுவவில்லை. மறுநாள் காலை உனக்குப் பரீட்சை. முதல் பஸ்ஸில் போய்விட்டாய். இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். இனிமேல் நடந்ததுதான் டப்பாவின் கதை.

நீ போன அன்றைக்கே மதராஸ்காரர் வந்துவிட்டார். மெல்லிய ஆள், கண்ணாடி, ஜோல்னாப் பை. வெயிலில் வாடி வந்தவருக்கு உன் சித்தி இளநீர் கொடுத்தாள். கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். முதலில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு எழுந்து நின்றுகொண்டு பார்த்தார். “இவ்வளவு ஒழுங்கா எங்கேயுமே நான் பார்த்ததில்லம்மா, யார் பண்ணினது?” என்றார். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டி, “இந்த அண்ணாச்சிதான் ஆரம்பிச்சு வச்சாரு” என்றார். அது பொய்யா சொல்? ஒரு சொல் பொய் இல்லை. ரசீது எழுதி, பேரைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் அவர் கண்ணில் அந்தத் தேயிலை டப்பா பட்டுவிட்டது. திறந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அம்மா, இதுதான் முக்கியம். ஒரு பாட்டு எப்படி முளைச்சதுன்னு இதுலதான் தெரியும். இதையும் கொடுத்துடுங்க” என்றார்.

டீச்சர் கையை நீட்டி டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “இது குஞ்சு சார். அளவு பத்தாது. அளவு பத்தாததை விக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு” என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். “ஆமா சார், பிடிச்சா கேஸ்” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பாவம், மதராஸ்காரர்.

அன்றைக்குக் காலையிலேயே பியானோவைச் சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வண்டியேற்றியாயிற்று. இந்தத் தடவை நான் குடை பிடிக்கவில்லை; ஓரத்தில் நின்றேன். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. மதராஸ்காரர் போன பிறகு வெறும் கூடத்தில் நானும் டீச்சரும் உன் சித்தியும் இருந்தோம். டீச்சர் டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி, நாலாக மடித்த ஒரு காலண்டர் தாளை எடுத்தார்.

“இது என்ன தெரியுமா அண்ணாச்சி?”

“எனக்கு எல்லாம் எறும்புதான் டீச்சர்.”

“இது நீங்க.”

நான் முழித்தேன். “நீங்க எண்ணுததை ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். சாத்தினாலும் கேட்டுச்சு. சரின்னு திறந்து வச்சு எழுதிட்டேன். அந்த ‘லாபம்’னு ஒரு இழுப்பு இழுப்பியளே, அதுதான் தொடக்கம். இதைப் பெருசா வளர்க்கணும்னு எத்தனையோ தடவை எடுத்தேன், எனக்கு வளரல. இதுல இருக்கிறது எல்லாமே இந்தத் தெருவுல கேட்டதுதான். வடிவுக்குக் கல்யாணம் ஆகும்போது குடுங்க. அதுக்கு முந்திக் குடுத்தா படிப்பு படிப்புன்னு ஓடிருவா. அவ வளர்க்கட்டும்” என்றார்.

“டீச்சர், ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன்” என்றேன்.

“பாடினா அது மனுசக் குரலாத்தான் கேக்கும். நீங்களே பாடிக்கிட மாட்டியளா? பியானோவுல கேக்கணும் அண்ணாச்சி.” பியானோ அந்நேரம் சாத்தான்குளம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வடிவு, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். கிடைத்ததை இரண்டாக்கி, இரண்டை இருபதாக்கி, டீக்கடையில் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஆனால் இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. குடோனில் சொல்லவில்லை, ஊருக்குப் போனபோது சொல்லவில்லை. உன் சித்தி பக்கத்திலேயே இருந்தவள், அவள்கூட ஆச்சரியப்படுகிறாள், ‘ஏன் இதை மட்டும் வாயில போட்டு மெல்லல’ என்று. எனக்கே விளங்கவில்லை. சொன்னால், பியானோ தூக்கின கதையோடு சேர்த்து இதற்கும் சிரித்திருப்பார்கள். அதைவிட இன்னொரு பயமும் உண்டு. டீச்சர் கண் கட்டியிருந்தார். கை தடவித்தான் அந்தத் தாளை எடுத்தார். ஒருவேளை அது வேறு தாளோ? ஒருவேளை, சாக்குக் கட்டி வைத்த மடையனின் மனசு நோகக் கூடாதென்று, என்னைப் போலவே அவரும் ஒரு தடவை கூட்டிச் சொன்னாரோ? வாசிக்கத் தெரிந்தவள் வீட்டில் நீ ஒருத்திதான் இருந்தாய். கல்யாணத்துக்கு முந்திக் காட்டக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் இத்தனை வருஷமும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் டீச்சரைப் பார்க்க இல்லத்துக்குப் போயிருந்தேன். இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. கையில் ஜெபமாலையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “டப்பா போயாச்சா அண்ணாச்சி?” என்றார். போயாச்சு என்றேன். “இனி அவ பாடு” என்று சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளாகக் காத்திருந்தவர் நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் பள்ளிக்கூட ஹாலில் ஒரு பியானோ இருக்கிறது, யாரும் தொடுவதில்லை, மேலே பரீட்சைத் தாள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். கணக்கு டீச்சர் கேட்டால் சாவி கொடுக்காமலா போவார்கள்? தாள்களை இறக்கி வை. மூடியைத் திற. பூட்டவில்லை என்று நினைக்கிறேன். டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே, நாலாக மடித்த காலண்டர் தாள் இருக்கும். அதை முதலில் வாசி. எடுத்தவுடன் ‘லாபம்’ என்று என் இழுப்பு வருகிறதா என்று கேட்டுப் பார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணின காலத்திலிருந்து கேட்ட காது உன்னுடையது, அது ஏமாறாது. வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது. உள்ளதை மட்டும், உள்ளபடி எழுது மகளே. கூட்டிச் சொல்வதற்கு இங்கே நான் இருக்கிறேன்.

உன் சித்தப்பா